பேரரசுகள் விழாத ஞாயிற்றுக்கிழமைகள்

எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் முன் மூக்கைப் பார்த்துவிடுவது அவர் பழக்கம். இருபத்தாறு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவருக்கு வேறு எது முதலில் கண்ணில் படும்? பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "உங்க ஃபிரேம் இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்று ஆரம்பிப்பார். அந்த மனிதர் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கண்ணாடி இவர் கைக்கு வந்திருக்கும், சட்டைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளி வெளியே வந்திருக்கும், இறங்க வேண்டிய நிறுத்தம் போயிருக்கும். அந்த மனிதருக்குத்தான். இவர் கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவர், அவருக்கென்ன.

வாரத்தில் ஆறு நாள் அவர் வெறும் கண்ணாடிக்கடைக்காரர். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அவர் 'பூதக்கண்ணாடி'. பட்டம் கொடுத்தது நூலகத்து மாடியில் கூடுகிற சரித்திரப் படக் குழு. பன்னிரண்டு இரும்பு நாற்காலிகள், ஒரு வெள்ளைச் சுவர், ஜன்னலுக்குத் தையல்காரர் தைத்துக் கொடுத்த கறுப்புத் திரை, ஓடத் தொடங்கினால் மிக்ஸி மாதிரி இரைகிற புரொஜெக்டர். எகிப்து, பாபிலோன், ரோமாபுரி என்று எந்த ஊர் மண்ணுக்குள் போயிருந்தாலும் அதைப் பற்றி யாராவது ஒரு படமோ தொடரோ எடுத்திருப்பார்கள். அதை அந்தச் சுவரில் ஓடவிட்டுப் பண்டைய உலகத்தை அறிந்துகொள்வதுதான் குழுவின் நோக்கம். அறிவிப்புப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நடப்பது வேறு. படம் ஓடும். யாராவது "நில்!" என்பார். ரிமோட் வைத்திருப்பவர் நிறுத்துவார். கத்தியவர் எழுந்து போய்ச் சுவரில் விரல் வைத்துக் காட்டுவார். தையல்காரருக்குத் தையல்தான் தெரியும். "நாலாயிரம் வருசத்துக்கு முந்தின ராஜா, ஆனா அங்கில மெஷின்ல ஓவர்லாக் அடிச்சிருக்கான் பாருங்க!" ஹோட்டல் சமையல்காரருக்கு விருந்து மேசைதான் தெரியும். தக்காளி என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்திராத காலத்து ரோமானியர்கள் தட்டு நிறைய தக்காளி வைத்துக்கொண்டு சிரிப்பதைப் பிடித்தது அவர்தான். பிழை உறுதியானதும் நீள நோட்டில் ஏறும்: படம், நிமிஷம், பிழை, கண்டவர். வருடக் கடைசியில் யார் பெயர் அதிகமோ அவர் கையில் அடுத்த வருடம் முழுக்க ரிமோட். பொய்யாக "நில்!" சொன்னால் ஒன்று குறையும். இந்தச் சட்டங்களை இயற்றியவர் பூதக்கண்ணாடி. ஆறு வருடமாக ரிமோட் வைத்திருந்தவரும் அவரே. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அவர் சொல்வார்.

ஒரு விளைவு மட்டும் யாரும் எதிர்பாராதது. ஒரு படத்தை இருபது தடவை நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் வாதாடினால் நேரம் என்னாவது? ஐந்து மணிக்கு நூலகர் கறுப்புத் திரையை விலக்கி, "பூட்டணும் சார்" என்பார். மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்க முடியாது, வாரத்துக்கு ஒரு படம் என்பது சட்டம். வீட்டில் பார்க்கவும் கூடாது. தயாராகி வந்து பிழை பிடிப்பது கள்ளத்தனம். ஆகவே ஆறு வருடமாக அந்த மாடியில் எந்தப் படத்துக்கும் முடிவு வந்ததில்லை. அவர்கள் அறிந்த சரித்திரத்தில் ராஜாக்கள் பிறந்தார்கள், முடிசூடினார்கள், படை திரட்டினார்கள். ஒருவரும் சாகவில்லை. பாபிலோன் பத்திரமாக இருந்தது. ரோமாபுரிக்கு ஒரு கீறல் கிடையாது.

அவர் மனைவி முதல் ஞாயிறன்று வந்ததோடு சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "வர்றியா?" என்பார். "செத்துப்போன ராஜாங்க உங்களோடயே இருக்கட்டும்" என்று பதில் வரும். அவளுக்குச் சரித்திரத்தில் ருசி இல்லை என்று முடிவுகட்டி விட்டுவிட்டார்.

ஏழாவது வருடம் கீழ்வீட்டுக்கு நர்ஸம்மா குடிவந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தலை, யாரைக் கண்டாலும் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிடுவாரோ என்று பயப்படும்படியான பார்வை. வந்த பத்தாவது நாள் மனைவியும் அவரும் மாலை நடை போனார்கள். இருபதாவது நாள் "அக்கா", "தங்கச்சி" ஆயிற்று. ஒரு ஞாயிறன்று பூதக்கண்ணாடி பித்தான் போட்டுக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் மனைவி புடவை மாற்றி நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"அக்கா கூப்பிட்டாங்க. நூலகத்துல ஏதோ சரித்திரப் படம் போடுறாங்களாமே."

முந்நூறு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கூப்பிட்டிருக்கிறார். அக்கா ஒரு தடவை கூப்பிட்டார். படியிறங்கும்போது அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வாயு இல்லை என்பது அன்று மூன்று மணிக்குத் தெரிந்தது. சுவரில் ஒரு ராணி, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவள், தோள் தெரிய நின்று படைக்கு உத்தரவு போடுகிறாள். நர்ஸம்மா மனைவியின் காதில் என்னவோ சொன்னார். மனைவி களுக்கென்று சிரித்தாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னம்மா, சொல்லிட்டுச் சிரிங்க" என்றார் தையல்காரர்.

"ஒண்ணுமில்லப்பா. ராணியம்மா சின்ன வயசுல அம்மைத் தடுப்பூசி போட்டிருக்காங்க. புஜத்துல தழும்பு நல்லா காச்சிருக்கு."

பூதக்கண்ணாடி நிறுத்தினார். சுவர் அருகே போனார். தழும்பு, காலணா அகலத்துக்கு, ஜம்மென்று இருந்தது. சபையில் ஒரு கைதட்டல். அவர் பெரிய சாதனையாக நினைத்திருந்தது ஒரு எகிப்திய மன்னனின் கருவிழியில் கான்டாக்ட் லென்ஸின் விளிம்பைப் பிடித்தது. அதற்குக்கூட யாரும் கைதட்டவில்லை. "அட" என்றார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அரண்மனையில் இளவரசன் பிறந்தான். "பொறந்த புள்ளைக்குக் கழுத்து நிக்குதே! இது மூணு மாசத்துப் புள்ள தம்பி." அதற்கடுத்த வாரம் சிதையில் கிடத்திய தளபதி. "தம்பி, நிறுத்துங்க. நாடி ஓடுது அவருக்கு. உசுரோட கொளுத்தப் போறாங்க." தம்பி! ஐம்பத்து மூன்று வயது மனிதரை, சபை நடுவில், ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கும்போது! அந்தத் 'தம்பி'யைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் காதில் புகை வந்தது. நோட்டில் நர்ஸம்மா கண்ட பிழைகளை எழுதும்போது அவர் எழுத்து எறும்பு சைஸுக்குச் சுருங்கியது. தம்முடையதை எழுதும்போது கல்வெட்டாகப் பெருத்தது.

இதற்கு நடுவே நர்ஸம்மா கண்ணாடிக்குப் பவர் மாற்றக் கடைக்கு வந்தார். பூதக்கண்ணாடியே பரிசோதித்தார், அவரே ஆர்டர் கொடுத்தார், நாலாம் நாள் கண்ணாடி தயாராகி வந்தது. அவர் அதைத் துடைத்தார், உறையில் வைத்தார், உறையை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"கண்ணாடி வந்துச்சா தம்பி?"

"லென்ஸ் வரலைங்க. மேல இருந்தே வரல."

மேலே என்றால் எது என்று நர்ஸம்மா கேட்கவில்லை. பழைய கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படம் பார்த்தார். அப்படிப் பார்த்தும் அந்த மாதம் ஐந்து பிழை பிடித்தார். மங்கலான கண்ணாடியில் ஐந்து என்றால் தெளிவான கண்ணாடியில் எத்தனை? அந்தக் கணக்கு அவரைச் சாப்பிடவிடவில்லை. இழுப்பறைக்குக் கூடுதலாக ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. மனைவி துணி மடிக்கும்போது பேச்சு இப்படிப் போகும்:

"அக்கா சொல்றாங்க, அந்தக் காலத்து ராணிங்க பாதிப் பேரு பிரசவத்துலதான் போயிருப்பாங்களாம். சண்டையில செத்த ராஜாவைவிட அது அதிகமாம். எந்தப் படத்துலயாவது காட்டுறானா பாருங்க."

"காலை வைக்க அங்கவடி இல்லாமத்தான் ரோமானியன் குதிரை ஏறினான்னு நாலு வருசத்துக்கு முன்னாடியே நான் உங்கிட்ட சொன்னேனே."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"குதிரையைப் பத்தி சொல்லியிருப்பீங்க, ஞாபகம் இருக்காது."

ராணிகள் ஞாபகம் இருக்கிறார்கள், குதிரை ஞாபகம் இல்லை. அவர் எழுந்து போய்ப் பல் தேய்த்தார், அன்றைக்கு இரண்டாவது முறையாக.

வருடத்தின் கடைசி ஞாயிறு. நோட்டில் அவருக்கு முப்பத்தொன்று, நர்ஸம்மாவுக்கு முப்பத்தொன்று. இன்று ஒரே ஒரு பிழை போதும். மணலுக்கடியில் புதைந்துபோன ஒரு நகரத்தைப் பற்றிய தொடரின் முதல் பாகம் ஓடியது. சந்தை, கழுதைகள், களிமண் பலகையில் எழுதுகிற கணக்கர்கள் என்று நல்ல சுத்தமான படம். அரைமணி நேரமாகியும் ஒரு பிழை சிக்கவில்லை.

அப்போது நர்ஸம்மா மனைவியின் பக்கம் சாய்ந்தார். மனைவி தலையை ஆட்டினாள். நர்ஸம்மா இன்னும் ஏதோ சொன்னார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எதையோ பார்த்துவிட்டார்கள்! என்னவாக இருக்கும்? கழுதையிலா, கணக்கரிலா? அவர் சுவரைப் பார்க்கவில்லை, அவர்கள் இருவரையும்தான் வைத்த கண் வாங்காமல் பார்த்தார், ஒரு முழு நிமிடம். நர்ஸம்மாவின் வாய் 'நி' என்று திறப்பது போலிருந்தது. (பிறகு தெரிந்தது, அவருக்குக் கொட்டாவி.) இவர் சட்டென்று சுவர் பக்கம் திரும்பினார். பாலைவனம். தலையில் வெள்ளைத்துணி சுற்றிய ஒருவன் மண்டியிட்டு மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டிருக்கிறான். அவன் மணிக்கட்டில் பளபளவென்று கைக்கடிகாரம்.

"நில்!" என்று கத்தினார். நாற்காலி பின்னால் விழுந்தது. சுவருக்கு ஓடி, விரலைக் குத்தி வைத்தார். "கைக்கடிகாரம்! மூவாயிரம் வருசத்துக்கு முன்னாடி கைக்கடிகாரம்! தோல் பட்டையோட!"

புரொஜெக்டர் மட்டும் இரைந்தது.

"சார்," என்றார் நூலகர், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில், "இது இன்னைக்கு நடக்குற சீன். அவரு அகழ்வாராய்ச்சி பண்றவரு. அந்த நகரத்தை இப்பத் தோண்டி எடுக்குறாங்க."

"யாரு சொன்னா?"

"உங்க முழங்கைக்குப் பின்னாடி ஜீப் நிக்குது சார்."

அவர் முழங்கையை எடுத்தார். ஜீப் நின்றது. முதலில் சிரித்தது தையல்காரர். பிறகு சமையல்காரர். சிரிப்பு நாற்காலி நாற்காலியாகப் பின்வரிசை வரை போனது. மனைவி சிரிக்கவில்லை, மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் சிரித்தே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பொய்யாக "நில்!" சொன்னால் ஒன்று குறையும். சட்டம் அவருடையது. முப்பது என்று அவர் கையாலேயே திருத்தி எழுதி, ரிமோட்டை நர்ஸம்மாவிடம் நீட்டினார்.

"எதுக்கு தம்பி, நீங்களே வச்சுக்குங்களேன்."

"சட்டம்னா சட்டம்ங்க."

மறுநாள் காலை இழுப்பறையின் இரண்டு பூட்டையும் திறந்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். "லென்ஸ் வந்துடுச்சிங்க." நர்ஸம்மா போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத் தெரியுது தம்பி. ரத்தம் கம்மியா இருக்கு உங்களுக்கு. கீரை சாப்பிடுங்க." அவர் கீரை சாப்பிடவில்லை. வீம்புக்குத்தான்.

புது வருடத்தின் முதல் ஞாயிறு. வயோதிகப் பேரரசர் ஒருவரைப் பற்றிய படம், இரண்டரை மணி நேரம். ரிமோட் நர்ஸம்மாவின் மடியில், கைக்குட்டைக்கு மேல் கிடந்தது. அவர் ஒரு நிபந்தனை போட்டார்: "நடுவுல நிறுத்த மாட்டேன். பாத்தது எதுவா இருந்தாலும் மனசுல வச்சுக்குங்க, முடிஞ்சப்புறம் பேசலாம். முப்பத்தஞ்சு வருசம் நைட் டூட்டில எந்தக் கதையையும் முழுசாக் கேட்டதில்ல. மணியடிச்சிடும்."

தையல்காரர் முனகினார். பூதக்கண்ணாடி உள்ளுக்குள் குளிர்ந்தார். சபை இந்தக் கொடுமையை ஒரு வாரம்கூடத் தாங்காது, ரிமோட் தானாக வந்து சேரும் என்று கணக்குப் போட்டார். வழக்கம் போல மனைவிக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ரிமோட்காரருக்கான முன்னிருக்கை இனி தமக்கில்லை என்பதால் அவர் இங்கே உட்கார்ந்தார். ஏழு வருடத்தில் முதல் முறையாக மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தார்.

படம் ஓடியது. நிற்கவே இல்லை. ஆற்றில் அடித்துக்கொண்டு போவது போலிருந்தது அவருக்கு. நாலேகால் மணிவாக்கில் அந்த மாடியில் இதுவரை நடக்காதது நடந்தது. ஒரு பேரரசு விழுந்தது. கோட்டைக் கதவு உடைந்தது, தூண்கள் சரிந்தன. எல்லையோரக் கூடாரத்தில் கிழ ராஜா தனியாகச் செத்துக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுத்த மகனைத்தான் கேட்டார். "வந்துவிட்டானா?" என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் கேட்டார். சமையல்காரர் மூக்கை உறிஞ்சினார்.

கேமரா ராஜாவின் முகத்துக்கு அருகே போனது. இன்னும் அருகே. சுவர் முழுக்க முகம். பூதக்கண்ணாடியின் பார்வை பழக்கப்படி மூக்குக்குப் போனது.

மூக்குத்தண்டின் இரு பக்கமும், அவரைவிதை அளவில், இரண்டு பள்ளங்கள். கண்ணாடித் தழும்பு! நாள் முழுக்கக் கண்ணாடி போட்டிருந்துவிட்டு, கேமரா ஓடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கழற்றிக் கொடுத்த மூக்கு. கனமான ஃபிரேம், கிட்டப்பார்வை, பவர் குறைந்தது மைனஸ் ஐந்து. மூக்குக்கண்ணாடி என்ற ஒன்று பிறக்க இன்னும் ஆயிரத்துச் சொச்சம் வருடம் இருக்கும்போது ஒரு சக்கரவர்த்தியின் மூக்கில்! லென்ஸ் விளிம்பெல்லாம் இதற்குமுன் தூசு. உலகத்தில் இந்தப் பிழையைப் பிடிக்க இவரைவிட்டால் ஆள் கிடையாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்: படம் தொடங்கி நூற்று நாற்பத்திரண்டு நிமிடம். நாக்கு மேலண்ணத்தில் போய் 'நி' என்று ஒட்டிக்கொண்டது. நர்ஸம்மா நிறுத்தினால் நிறுத்தட்டும், இல்லாவிட்டால் போகட்டும், ஜீப்பை எல்லோரும் மறக்க இந்த ஒரு கத்தல் போதும்.

பக்கத்தில் மனைவி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கன்னத்தைத் துடைக்காமல். அவள் கை அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அவள் கவனித்துப் பிடித்ததாகவும் தெரியவில்லை.

அவர் 'நி'யை விழுங்கினார்.

ராஜா செத்தார். எழுத்துகள் ஓடின. யாரும் பிழை எதுவும் சொல்லவில்லை. "அடப்பாவி, வரவே இல்லையே மவன்" என்று தையல்காரர் மட்டும் சொன்னார். இப்போது சொல்லலாம், முடிந்தபின் பேசலாம் என்பதுதான் நிபந்தனை. ஆனால் அவள் இன்னும் கையை விடவில்லை. நூலகர் திரையை விலக்கினார்.

நர்ஸம்மா காய்கறிக் கடைப் பக்கம் திரும்ப, இவர்கள் இருவரும் வீடு வந்தார்கள். மாடிப்படி ஏறும்போது மனைவி சொன்னாள்:

"மொத நாள் ஞாபகம் இருக்கா? அன்னைக்கும் இப்படித்தான். சண்டை முடிஞ்ச களத்துல ஒரு அம்மா பையனைத் தேடிட்டிருந்தா. நான் அழுதுட்டிருந்தேன். நீங்க நிறுத்திட்டு, பொணமாக் கெடந்த சிப்பாய் கையில வாட்ச் கட்டுன வெளுப்பு இருக்குன்னு காட்டுனீங்க. அவ கடைசில அந்தப் பையனைக் கண்டுபிடிச்சாளான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

அவருக்கும் தெரியாது. நோட்டில் வெளுப்பு ஏறியிருக்கிறது, பையன் ஏறவில்லை.

கதவைத் திறந்தார். உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஆமா, அந்த ராஜா மூக்குல கண்ணாடித் தழும்பு இருந்துச்சே, பாத்தீங்களா?"

அவர் செருப்புக் காலோடு நின்றார்.

"நீ... நீதான் அழுதுட்டிருந்தியே?"

"அழுதா கண்ணு தெரியாதா? இருபத்தாறு வருசமா நீங்க கண்ணாடி கழட்டுன மூக்கைப் பாத்துட்டிருக்கேன், அந்தப் பள்ளம் எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"அந்தாளு செத்துட்டிருந்தாரு. அப்பப் போயி மூக்கு சரியில்லன்னு சொல்லுவாங்களா?"

அவருக்குப் பொறாமை வந்தது. கட்டின மனைவி மேல், நட்டநடு வீட்டில், சுத்தமான பொறாமை. "நானும் பாத்தேன்" என்றார்.

"சும்மா இருங்க. நீங்க பாத்திருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பீங்களா? மாடியே இடிஞ்சிருக்கும்."

வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாயை மூடியிருக்கிறார், அதற்குச் சாட்சி இல்லை. பேசாமல் போய் நோட்டை எடுத்து மேசையில் விரித்து உட்கார்ந்தார். படத்தின் பெயர் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நிற்காமல் ஓடியது.

அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நூத்தி நாப்பத்திரெண்டாவது நிமிசமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் நோட்டைப் பார்த்தாள், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நெஜமாவே பாத்தீங்களா?"

"அதான் சொன்னேனே."

"அப்ப யாரு பேரை எழுதப் போறீங்க?"

'கண்டவர்' என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. படி வழியாகக் கீழ்வீட்டுப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. நர்ஸம்மா வந்துவிட்டார்.

"இந்த மூக்கு விசயம், அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"அக்காகிட்டயா? இல்லியே. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"அவங்க பாக்கலையா?"

"பாத்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாங்க."

அவர் எழுந்தார். ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளும் போட்டார். திரும்பி வந்து, தம் பெயருக்கு மட்டுமே உபயோகிக்கிற கல்வெட்டு எழுத்தில், கட்டம் நிறைய, மனைவியின் பெயரை எழுதினார். மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்காமல், அதற்குக் கீழே, எறும்பு சைஸில், 'கூடவே நானும்' என்று சேர்த்தார்.